இரத்த அழுத்தம்: அளத்தலும் எடுத்துரைத்தலும்

பயிருக்கு நோய் கண்டால் இலை பழுக்கிறது. மாட்டுக்கு நோய் கண்டால் தீனி குறைகிறது. அடையாளம் காட்டும் நோய்களை அறிந்துகொள்வது நமது கிராமத்தாருக்குப் புதிதன்று. ஆனால் பல ஆண்டுகள் யாதொரு அடையாளமும் காட்டாமல் உடலில் தங்கியிருந்து, பின்னர் ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும் நோய் ஒன்று உண்டு. அதுவே உயர் இரத்த அழுத்தம். அளந்து பார்ப்பதைத் தவிர இதனை அறிய வேறு வழி இல்லை.

இந்தப் பணியில் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்குத் தனியிடம் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் இம்மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் வழியே சுகாதாரத் தன்னார்வலர்களான பெண்கள் வீடு தேடி வந்து சோதிக்கின்றனர். கருவி வாசலுக்கு வந்துவிட்டது. அது காட்டும் எண்ணைப் பிழையின்றிப் பெறுவதும், அதன் பொருளை விளங்க உரைப்பதுமே எஞ்சிய வேலை. குருபரப்பள்ளி போன்ற ஊர்களில் இவ்விரண்டும் எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

முதலில் எண்களின் பொருளை அறிவோம். கிணற்று மோட்டார் நீரைத் தள்ளும்போது குழாயின் சுவரில் அழுத்தம் உண்டாகிறதன்றோ? இதயமும் அவ்வாறே இரத்தத்தைத் தள்ளுகிறது. அது சுருங்கித் தள்ளும்போது உள்ள அழுத்தம் மேல் அளவு. தளர்ந்து மீண்டும் நிரம்பும்போது உள்ள அழுத்தம் கீழ் அளவு. 120க்கு 80 என்பதன் பொருள் இதுவே. இவ்வளவுகள் பாதரசத்தின் மில்லிமீட்டர் கணக்கில் கூறப்படுபவை. பாதரசமில்லாத இன்றைய மின்கருவிகளும் அதே கணக்கைப் பின்பற்றுகின்றன. வெவ்வேறு நாட்களில் சோதித்தும் மேல் அளவு 140 அல்லது அதற்கு மேலோ, கீழ் அளவு 90 அல்லது அதற்கு மேலோ இருந்தால், அதனை உயர் இரத்த அழுத்தம் என்று மருத்துவர் கொள்வர்.

இனி அளக்கும் முறை. மாந்தோப்பில் வேலை செய்துவிட்டு அப்பொழுதுதான் வீடு திரும்பிய ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்து உடனே அளந்தால், உள்ளதைவிட மிகுந்த எண் வரக்கூடும். ஆகவே சோதனைக்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காப்பி, தேநீர், பீடி, புகையிலை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் அமைதியாக அமர்ந்திருத்தல் அவசியம். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் படிந்தும், கால்மேல் கால் போடாமலும் இருக்க வேண்டும். கையை இதயத்தின் மட்டத்தில் ஒரு மேசைமீது வைத்து, சட்டைத் துணியின்மேல் அல்லாமல் வெறும் மேற்கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டையைச் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் எண் பொய்யாக ஏறும். அளக்கும்போது சோதிப்பவரும் பேசலாகாது, சோதிக்கப்படுபவரும் பேசலாகாது. ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் அளந்து, இரண்டு அளவுகளையும் தேதியுடன் குறித்துவைக்க வேண்டும்.

எடுத்துரைப்பது இதனினும் கடினம். ‘இரத்தக் கொதிப்பு’ என்ற பெயரே நம்மவரை மயக்குகிறது. கொதிப்பு என்றால் சூடு என்று கருதி, மோரும் கூழும் குடித்தால் தணிந்துவிடும் என்பர். கோபமும் மயக்கமும் இல்லாதபோது நோயும் இல்லை என்பர். இது சூடு அன்று, குழாயின் அழுத்தம் என்று விளக்க வேண்டும். மாத்திரை உண்பவருக்கு 130க்கு 80 வந்தால், “நோய் போய்விட்டது” என்று சொல்லலாகாது. “மருந்தினால் அடங்கியிருக்கிறது, தொடர்ந்து உண்ணுங்கள்” என்றே சொல்ல வேண்டும். இந்த ஒரு சொல் தவறினால் அவர் மருந்தை நிறுத்துவார்; அழுத்தம் ஓசையின்றி மீண்டும் ஏறும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், கேட்பவர் வீட்டில் பேசும் மொழியிலேயே சொல்லுதல் நலம். சொன்னதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்டால், விளங்கியதா என்பது தெரிந்துவிடும்.

ஒரு முறை எண் மிகுந்தால் அஞ்சத் தேவையில்லை. மற்றொரு நாளும் அளந்து மருத்துவரிடம் காட்டலாம். ஆனால் 180க்கு 120 என்ற அளவை எட்டி, அத்துடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் உடனே 108க்கு அழைக்க வேண்டும். ஒரு பக்கம் கைகால் சோர்ந்தாலோ வாய் குழறினாலோ, எண் எதுவாயினும் தாமதிக்கலாகாது. உப்பை நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள் வைத்துக்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாங்காய் ஊறுகாயின் உப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. சாய்மானமுள்ள ஒரு நாற்காலி, ஒரு மேசை, சந்தடியற்ற ஓர் இடம் ஆகியவற்றை ஏற்பாடு செய்யலாம். பகலில் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்வோர் விடுபடாதபடி, ஞாயிற்றுக்கிழமையிலும் சோதனை நடைபெற ஆரம்ப சுகாதார நிலையத்துடன் கலந்து வழி செய்யலாம். நிலத்தை அளக்கும்போது ஓர் அங்குலமும் பிசகாமல் பார்ப்பவர்கள் நாம். உயிரைக் காக்கும் இவ்வளவையிலும் அதே கவனத்தைச் செலுத்துவோமாக.