ஒரு லிட்டரில் எவ்வளவு தூரம்?

மலேசியாவில் 17 வயது நிரம்பியவர்கள் மகிழுந்து ஓட்டுவதற்கான 'டி' வகை உரிமத்தைப் பெறலாம். உரிமம் கிடைத்துச் சில ஆண்டுகளில், பலர் தங்கள் முதல் மகிழுந்தை வாங்குகின்றனர். அது பெரும்பாலும் விலை குறைந்த சிறிய மகிழுந்தாகவே இருக்கும். பிறர் ஓட்டிய பழைய மகிழுந்தாகவும் இருக்கலாம். 1994ஆம் ஆண்டு அறிமுகமான பெரோடுவா கஞ்சில் பல மலேசியக் குடும்பங்களுக்கு முதல் மகிழுந்தாக அமைந்தது. மலாய் நாட்டுப்புறக் கதைகளில் வரும் புத்திசாலியான சருகுமானின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அதன் இயந்திரம் ஏறக்குறைய 660 சிசி கொள்ளளவு மட்டுமே கொண்டது. 2014இல் வெளிவந்த பெரோடுவா அக்ஸியாவின் இயந்திரமும் 1,000 சிசியைத் தாண்டவில்லை. இத்தகைய மகிழுந்துகளுக்குத் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுச் சாலை வரி 20 ரிங்கிட் மட்டுமே.

மகிழுந்தின் விலை, மாதத் தவணை, காப்புறுதி, சாலை வரி ஆகியவற்றை வாங்குவதற்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். பெட்ரோல் செலவு அப்படிப்பட்டதன்று. அது வாரந்தோறும் சிறுகச் சிறுகக் கரைவதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் ஒரு பகுதியைப் பெற்றோருக்கும் கொடுக்கும் இளைஞருக்கு இந்தச் செலவு சிறியதன்று. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்னும் பழமொழி இங்கே முற்றிலும் பொருந்தும்.

முதலில் அளக்க வேண்டும்

ஒரு மகிழுந்து சிக்கனமாக ஓடுகிறதா என்பதை ஊகத்தால் அறிய முடியாது. அளந்தே அறிய வேண்டும். அதற்கான வழி மிக எளிது. பெட்ரோல் கலத்தை முழுமையாக நிரப்பி, பம்பு தானாக நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும். அப்போது தூரமானியில் காணப்படும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நாள்கள் வழக்கம்போல் ஓட்டிய பின் மீண்டும் அதே முறையில் கலத்தை நிரப்ப வேண்டும். இடைப்பட்ட நாள்களில் ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை நிரப்பிய பெட்ரோலின் அளவால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, 420 கிலோமீட்டர் ஓடிய பின் 28 லிட்டர் நிரப்பினால், அந்த மகிழுந்து ஒரு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடியுள்ளது என்று பொருள்.

ஒருமுறை அளப்பது போதாது. மழை, நெரிசல், பயணத் தூரம் ஆகியவற்றால் இந்த எண் வாரத்துக்கு வாரம் மாறும். மூன்று நான்கு முறை அளந்து சராசரி கண்டால்தான் உண்மை நிலை புலப்படும். திடீரென இந்த எண் குறைந்தால், மகிழுந்தில் ஏதோ கோளாறு தோன்றியிருக்கலாம் என்பதையும் அது நமக்கு உணர்த்தும்.

பெட்ரோல் எங்கே போகிறது?

பெட்ரோல் எரியும்போது உண்டாகும் ஆற்றல் முழுவதும் சக்கரங்களைச் சென்றடைவதில்லை. அதன் பெரும்பகுதி வெப்பமாக மாறி, கதிர்வீச்சுத் தொட்டியின் வழியாகவும் புகைக்குழாயின் வழியாகவும் வெளியேறுகிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆற்றலே வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. அந்த ஆற்றலும் மூன்று வகையில் செலவாகிறது. நின்ற வண்டியை வேகம் பெறச் செய்வது முதலாவது. காற்றின் எதிர்ப்பைக் கிழித்துக்கொண்டு செல்வது இரண்டாவது. டயர்கள் சாலையில் உருள்வதால் ஏற்படும் தடையை வெல்வது மூன்றாவது. இம்மூன்றையும் புரிந்துகொண்டால், சிக்கனத்திற்கான வழிகள் தாமாகவே விளங்கிவிடும்.

ஓட்டுநருடன் சேர்த்து 1,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு மகிழுந்தை எடுத்துக்கொள்வோம். அது நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கு, மேற்கூறிய கணக்கின்படி ஏறக்குறைய 17 மில்லிலிட்டர் பெட்ரோல் தேவைப்படும். அது ஒரு மேசைக்கரண்டி அளவுதான். ஆனால், அடுத்த நிமிடமே பிரேக்கை மிதித்தால் அந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறி வீணாகிவிடுகிறது. ஒரு நாளில் 60 முறை இப்படி வேகமெடுத்து நிறுத்தினால் ஒரு லிட்டர் பெட்ரோல் கரைந்துவிடும். சிறு துளி பெருவெள்ளமாவது சேமிப்பில் மட்டுமன்று, விரயத்திலும்தான்.

ஓட்டும் முறை

எனவே, சிக்கனத்தின் முதல் விதி தேவையில்லாமல் பிரேக் போடாதிருப்பதாகும். பிரேக்கைத் தவிர்ப்பதற்காகச் சிவப்பு விளக்கைக் கடந்து செல்வது இதற்குப் பொருளன்று. தொலைவிலேயே சாலையைக் கவனித்து, முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பதுதான் இதன் பொருள். 200 மீட்டருக்கு அப்பால் சிவப்பு விளக்கு எரிவது தெரிந்தால், எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். வண்டி தன் வேகத்திலேயே மெதுவாக முன்னேறும். நாம் சென்று சேரும்போது பச்சை விளக்கு எரிந்தால், வண்டியை முழுமையாக நிறுத்தும் தேவையே இருக்காது. முன்னே செல்லும் வாகனத்திற்குப் போதிய இடைவெளி விட்டு ஓட்டுபவர்களுக்கே இது கைகூடும்.

இரண்டாவது விதி வேகக் கட்டுப்பாடு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்தைவிட, 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்றெதிர்ப்பைச் சந்திக்கிறது. 110 என்பது நம் நெடுஞ்சாலைகளின் உச்ச வரம்பு. அந்த வேகத்தில்தான் ஓட்ட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. 100 கிலோமீட்டர் தூரத்தை 110 வேகத்தில் கடக்க ஏறக்குறைய 55 நிமிடங்களும், 90 வேகத்தில் கடக்க ஏறக்குறைய 67 நிமிடங்களும் ஆகும். 12 நிமிடங்களுக்காக எவ்வளவு பெட்ரோலைச் செலவிடலாம் என்பதை ஓட்டுநரே முடிவு செய்யலாம்.

மூன்றாவதாக, நின்றுகொண்டிருக்கும் வண்டியில் இயந்திரத்தை ஓடவிடுதல். நண்பருக்காகக் காத்திருக்கும்போதும் கடை வாசலில் நிறுத்தியிருக்கும்போதும் பெட்ரோல் எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் நாம் கடக்கும் தூரமோ சுழியம். நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடுவதே நல்லது.

டயரும் சுமையும்

காற்றுக் குறைந்த டயர் சாலையில் அதிகம் நசுங்கி உருள்கிறது. அதனால் இயந்திரத்தின் உழைப்பு கூடுகிறது. டயரும் விரைவில் தேய்கிறது. பழுதில்லாத டயரிலிருந்தும் காற்று சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே, மாதம் ஒருமுறையாவது காற்றழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். எவ்வளவு காற்று நிரப்ப வேண்டும் என்பது ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும் சிறு தாளில் குறிக்கப்பட்டிருக்கும். நம் நாட்டு எண்ணெய் நிலையங்களில் உள்ள காற்று நிரப்பும் கருவிகள் பெரும்பாலும் கிலோபாஸ்கல் அளவில் எண்ணைக் காட்டும். அத்தாளிலுள்ள எண்ணைக் கருவியில் பதித்துவிட்டால், அந்த அளவை எட்டியதும் அது ஒலி எழுப்பும். நீண்ட தூரம் ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகத் தெரியும். அதனால், பயணத்தின் தொடக்கத்தில் அளப்பதே சரி. இவ்வளவு பயனுள்ள இப்பணிக்கு ஐந்து நிமிடங்கள் போதும்.

சிறிய மகிழுந்துக்குச் சுமை ஒரு பெரிய தடை. பின்பக்கத்தில் பல மாதங்களாகக் கிடக்கும் பழைய புத்தகப் பெட்டிகளும் விளையாட்டுப் பொருள்களும் நம்மோடு நாள்தோறும் பயணம் செய்கின்றன. ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் அவற்றையும் சேர்த்தே இயந்திரம் இழுக்கிறது. தேவையற்றவற்றை இறக்கி வைக்க வேண்டும். ஆனால், மாற்று டயரையும் கருவிகளையும் அகற்றுவது அறிவுடைமை ஆகாது.

பழைய மகிழுந்தை வாங்கியவர்கள் பராமரிப்பிலும் கவனம் செலுத்த வேண்டும். கையேடு குறிப்பிடும் தரத்திலான இயந்திர எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றுதல், தேய்ந்த தீப்பொறிச் செருகியை மாற்றுதல், சக்கரங்களின் நேரமைப்பைச் சரிசெய்தல் ஆகியவை முக்கியமானவை. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாக இருந்தால், அதன் பிரேக் முழுமையாக விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். அது பெட்ரோலையும் வீணாக்கும், ஆபத்தையும் விளைவிக்கும். உடனே பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வெயிலும் குளிரூட்டியும்

நம் நாட்டின் வெப்பத்தில் குளிரூட்டியைப் பயன்படுத்தாமல் ஓட்டச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால், சிறிய இயந்திரத்திற்குக் குளிரூட்டி கனமான சுமை என்பதை மறக்கக்கூடாது. வெயிலில் நின்ற மகிழுந்தின் உட்புறம் வெளிக்காற்றைவிட மிகவும் சூடாக இருக்கும். முதலில் கதவுகளைத் திறந்து அனல் காற்றை வெளியேற்றிவிட்டுப் பின்னர் குளிரூட்டியை இயக்கினால் அதன் வேலை குறையும். நிழலில் நிறுத்துவது இன்னும் சிறப்பு. குடியிருப்புப் பகுதியில் மெதுவாகச் செல்லும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டலாம். நெடுஞ்சாலையில் அப்படிச் செய்தால் காற்றெதிர்ப்பு கூடிவிடும். அங்குக் கண்ணாடியை மூடிக் குளிரூட்டியை அளவோடு பயன்படுத்துவதே ஏற்றது.

தவறான நம்பிக்கைகள்

பெட்ரோல் சிக்கனத்தைப் பற்றி மக்களிடையே பல தவறான நம்பிக்கைகள் நிலவுகின்றன. விலை அதிகமுள்ள ரோன் 97 பெட்ரோலை ஊற்றினால் வண்டி அதிகத் தூரம் ஓடும் என்பது அவற்றுள் ஒன்று. ரோன் என்பது பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றலின் அளவன்று. இயந்திரத்தினுள் பெட்ரோல் உரிய நேரத்திற்கு முன் தானாக வெடித்து எரிவதைத் தடுக்கும் திறனையே அது குறிக்கிறது. ரோன் 95 பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட சிறிய மகிழுந்துக்கு ரோன் 97 கூடுதல் செலவே அன்றிக் கூடுதல் பயனன்று.

குளிர்ந்த அதிகாலையில் பெட்ரோல் நிரப்பினால் அதிக அளவு கிடைக்கும் என்றும் சிலர் நம்புகின்றனர். எண்ணெய் நிலையங்களில் பெட்ரோல் நிலத்தடிக் கலங்களில் வைக்கப்பட்டிருப்பதால், பகலிலும் இரவிலும் அதன் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. பெட்ரோலைச் சேமிக்கும் என்று விற்கப்படும் காந்தங்களும் கருவிகளும் மற்றொரு வகை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய 100க்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்தது. அவற்றுள் மிகச் சிலவே ஏதோ சிறிது பயன் தந்தன. அவற்றை வாங்கும் பணத்தில் பல நாள்களுக்குப் பெட்ரோலே நிரப்பிவிடலாம்.

சிக்கனத்திற்கும் எல்லை உண்டு

சில முறைகள் வெறும் வீண் முயற்சிகளாக மட்டுமல்லாமல் உயிருக்கே ஆபத்தானவையாகவும் உள்ளன. கேமரன் மலையிலிருந்தோ கெந்திங் மலையிலிருந்தோ இறங்கும்போது கியரை நடுநிலைக்கு மாற்றிவிட்டு வண்டியை உருளவிடுவோர் உளர். பெட்ரோல் மிச்சமாகும் என்பது அவர்களின் எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறானது. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் இன்றைய இயந்திரங்களில், கியர் பொருந்தியிருக்கும்போது எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் பெட்ரோல் செல்வது பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். நடுநிலைக்கு மாற்றினாலோ, இயந்திரம் அணையாமல் இருப்பதற்காகப் பெட்ரோல் தொடர்ந்து எரியும். அதோடு, இயந்திரம் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஆற்றலும் இல்லாமல் போகும். பாரம் முழுவதையும் பிரேக்குகளே தாங்கிச் சூடேறி, இறுதியில் செயலிழக்க நேரிடலாம். மலைப்பாதையில் தாழ்ந்த கியரில் இறங்குவதே பாதுகாப்பு; அதுவே சிக்கனமும் ஆகும்.

காற்றெதிர்ப்பைக் குறைக்க லாரியின் பின்னால் ஒட்டியபடி செல்வதும் இத்தகையதே. லாரி திடீரென நின்றால் சிறிய மகிழுந்தில் இருப்பவர் உயிர் தப்புவது அரிது. கையேடு கூறுவதைவிட மிக அதிகமாக டயரில் காற்றை நிரப்பினால், ஈரச் சாலையில் டயரின் பிடிமானம் குறைந்துவிடும். ஓரிரு ரிங்கிட்டுக்காக இத்தகைய ஆபத்துகளை விலைக்கு வாங்குவது சிக்கனமன்று.

கணக்குச் சொல்லும் உண்மை

கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாக வேலைக்குச் செல்லும் ஓர் இளைஞரை நினைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குப் போய்வர ஏறத்தாழ 50 கிலோமீட்டர் என்றால், 24 வேலை நாள்களில் 1,200 கிலோமீட்டர் ஆகும். அவருடைய மகிழுந்து லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் ஆண்டுக்கு 960 லிட்டர் பெட்ரோல் வேண்டும். ஓட்டும் முறையை மாற்றி, டயரையும் சுமையையும் கவனித்து, லிட்டருக்கு 18 கிலோமீட்டரை எட்டினால் 800 லிட்டர் போதும். மிச்சம் 160 லிட்டர். ஒரு லிட்டர் 2 ரிங்கிட் என்று கொண்டால் ஆண்டுக்கு 320 ரிங்கிட் அவர் கையில் தங்கும். சிறிய மகிழுந்தின் 16 ஆண்டுச் சாலை வரிக்கு அது சமம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால், 160 லிட்டரைச் சேமிப்பவர் 368 கிலோகிராம் கரியமில வாயு காற்றில் கலப்பதையும் தடுக்கிறார். எல்லா மகிழுந்துக்கும் எல்லாச் சாலைக்கும் இதே அளவு சேமிப்பு கிட்டும் என்று கூற இயலாது. ஏற்கெனவே நிதானமாக ஓட்டுபவருக்கு இது குறைவாகவே இருக்கும். வேகமெடுத்து வேகமெடுத்துப் பிரேக் போடுபவருக்கு அதிகமாக இருக்கும்.

இதற்குப் புதிய கருவியோ விலையுயர்ந்த மகிழுந்தோ தேவையில்லை. தூரத்தையும் லிட்டரையும் எழுதி வைக்க ஒரு சிறு குறிப்பேடு, மாதம் ஒருமுறை டயரைப் பார்க்க ஐந்து நிமிடங்கள், சாலையின் தொலைவைக் கவனிக்கும் கண்கள், அவசரப்படாத கால்கள் ஆகியவை இருந்தால் போதும். நாளை உங்கள் கையில் முதல் மகிழுந்தின் சாவி கிடைக்கும்போது, அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தை அன்றே எழுதத் தொடங்குங்கள்.