பழவேற்காட்டுக்கு வந்த அலை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளுக்கு நடுவே நிற்பவருக்குச் சமுத்திரத்தின் நினைவே எழாது. ஆனால் கிழக்கே போகப் போகப் பூமி தாழ்ந்து, பழவேற்காட்டு ஏரியும் அதற்கப்பால் மணல்மேடுகளும், அவற்றையொட்டி வங்காள விரிகுடாவும் வந்துவிடுகின்றன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி சுமாருக்கு அந்த விரிகுடா பொங்கி, மீனவர் குப்பங்களுக்குள் புகுந்து படகுகளையும் வலைகளையும் வாரிச் சென்றது. அதே காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டவர்கள் சுமார் 6,000 பேர். பழவேற்காடு அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் உயிர்ச்சேதமோ அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் என்ன?

சுமத்திராவின் வடமேற்கிலிருந்து நிக்கோபார், அந்தமான் தீவுகளை ஒட்டி வடக்கே செல்லும் ஆழ்கடற் பள்ளத்தில், இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் எதிர்த்தட்டின் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. நுழைகிற தட்டு மேலுள்ளதன் விளிம்பையும் பற்றிக் கீழே இழுத்துக்கொண்டே போக, வளைத்துப் பிடித்த மூங்கில் கைநழுவியதும் விசையோடு நிமிர்வதுபோல, நெடுங்காலத்து இறுக்கத்தை உதறிக்கொண்டு அவ்விளிம்பு அன்று காலை 6 மணி 29 நிமிடத்துக்கு எழுந்தது. பூகம்பத்தின் அளவு 9.1, பிளவு ஓடிய நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர், அதாவது சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையிலுள்ள தூரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். கடலடி உயர்ந்த இடங்களிலெல்லாம் அதன்மேல் நின்ற நீர் முழுவதும் கூடவே உயர்த்தப்பட்டது. அந்நீர் சமநிலைக்குத் திரும்பச் செய்த பிரயத்தனமே சுனாமி.

பூகம்பம் பெரிதானால் அலையும் பெரிதாகும் என்ற பொது நம்பிக்கை பாதிதான் மெய். 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது, சென்னையில் அலுவலகங்களை விட்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கிவரும் நம் நாட்டு எச்சரிக்கை மையமும் அறிவிப்பு விடுத்தது. ஆனால் அன்று பாறைகள் பக்கவாட்டில் உராய்ந்து விலகினவேயன்றிக் கடலடி பெரிதாக மேலெழவில்லையாதலால், பிரமாதமான அலை எதுவும் வராமலே எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே நேர்ந்த பூகம்பம் இதைக் காட்டிலும் மிகச் சிறியது. ஆயினும் கடலடியைத் தூக்கிவிட்டது. சென்னையிலும் நாகையிலும் இருந்த அலைமானிகள் அதன் அலையைப் பதிவு செய்தன. தூக்கப்பட்ட பரப்பு குறுகியதால் அது சேதமின்றி அடங்கியது.

திசைக்கும் இதில் பங்குண்டு. சொல்லப்போனால், 2004-இல் நமக்கு வினையாக வந்தது அதுதான். நீண்ட பிளவிலிருந்து புறப்படும் அலை அதற்குக் குறுக்கான திசையிலேயே தன் சக்தியின் பெரும்பகுதியைச் செலுத்துகிறது. அன்றைய பிளவு தெற்கு வடக்காக ஓடியமையால் கிழக்கே தாய்லாந்தும், மேற்கே இலங்கையும் தமிழகமும் நேர் எதிரே அகப்பட்டன. வடக்கே, பிளவின் முனைக்கு அருகிலிருந்த வங்காளதேசமோ அநேகமாகத் தப்பிவிட்டது.

நடுக்கடலில் இவ்வலை அற்பமாகவே தோன்றும். அன்று மேலே சென்ற ஒரு செயற்கைக்கோள் அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். ஆனால் மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் மணிக்கு 650 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் அலை, பத்து மீட்டர் ஆழத்தை எட்டும்போது மணிக்கு 36 கிலோமீட்டராகத் தளர்கிறது. முன்பகுதி தயங்க, பின்பகுதி வந்து நெருக்க, நீர் குவிந்து உயர்கிறது. எவ்வளவு உயரும், எவ்வளவு தூரம் உட்புகும் என்பதைக் கடலடியின் சரிவும் முகத்துவாரங்களும் கரையின் மேடுபள்ளமும் நிர்ணயிக்கின்றன. நாகையில் தாழ்ந்த சமதளக் கரையின்மேல் குடியிருப்புகள் நெருங்கிக் கிடந்தன. வடக்கே மணல்மேடுகள் சில இடங்களில் தடுத்தன, ஏரியும் பக்கிங்காம் கால்வாயும் நீரில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டன.

அந்த வடகரையும் இப்போது பழையபடி இல்லை. 2004-க்குப் பிறகு பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகம் எழுந்திருக்கிறது. கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள் மணலின் வடதிசைப் பயணத்தை மறிப்பதால், அவற்றுக்கு வடக்கே கரை அரிக்கப்படுகிறது. ஆகவே பழவேற்காட்டுக்கு அடுத்த அலை எவ்வளவு உயரும் என்று கணக்கிட முற்படுவோர், பழைய வரைபடத்தை வைத்துவிட்டுக் கரையைப் புதிதாக அளந்தே தொடங்கவேண்டியிருக்கும்.