லைட் அடித்தால் குடல் புற்றுநோய் கரையுமா? திருச்சி மக்களே, இதை படியுங்க!

திருச்சி:

"லைட் அடிச்சாலே கேன்சர் கரைஞ்சிடுமாமே... ஆப்பரேஷனே வேண்டாமாமே?"

பெருங்குடல், மலக்குடலில் புற்றுநோய் வந்தவர் வீட்டில் இப்படி யாராவது ஒருத்தர் சொல்வது உண்டு. அப்படி ஒரு சிகிச்சை இருப்பது நிஜம்தான். ஆனால் அதை நம்பி ஆப்பரேஷனை தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

மருந்து பாதி, வெளிச்சம் பாதி

இதன் பெயர் 'போட்டோ டைனமிக் தெரபி'. முதலில் ஊசி மூலம் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். அது இருட்டில் சும்மா கிடக்கும். 40 முதல் 50 மணி நேரத்தில் புற்றுக்கட்டியில் அதிகமாக தங்கி விடும். பிறகு ஆசனவாய் வழியாக கேமரா குழாயை விட்டு, அதனுள் மெல்லிய இழையை அனுப்பி, கட்டி மேல் சிவப்பு லேசர் வெளிச்சம் பாய்ச்சுவார்கள். வெளிச்சம் பட்டதும் மருந்து வேலையை ஆரம்பிக்கும். அங்குள்ள ஆக்சிஜனை விஷம் போல மாற்றி புற்று செல்களை சாகடிக்கும்.

நம்ம ஊர் கார்போக அரிசி

இந்த கணக்கு நமக்கு புதுசு இல்லை. நாட்டு மருந்து கடையில் விற்கும் கார்போக அரிசியை அரைத்து வெண்புள்ளி மேல் பூசி, வெயில் காட்டுவது பழைய வைத்தியம். அதிலும் மருந்தும் வெளிச்சமும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். அதுக்காக கார்போக அரிசியை கேன்சருக்கு சாப்பிட்டு விடாதீங்க. அது வேறு, இது வேறு.

ஜெர்மனியின் மூனிச் நகரில் 1900-ல் ஆஸ்கர் ராப் என்ற மாணவர் இதை முதலில் கவனித்தார். அமெரிக்காவில் தாமஸ் டோஹர்ட்டி 1970-களில் நோயாளிகளுக்கு கொடுத்து பார்த்தார். 1993-ல் கனடாவில் சிறுநீர்ப்பை புற்றுநோய்க்கும், 1995-ல் அமெரிக்காவில் உணவுக்குழாய் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது.

குடலுக்கு ஏன் வரவில்லை?

இந்த வெளிச்சம் சதைக்குள் 1 செ.மீ. கூட முழுசாக போகாது. குடல் புற்றோ சுவரை துளைத்து, நெறிகட்டி, கல்லீரல் வரை பரவக்கூடியது. அங்கெல்லாம் வெளிச்சம் எட்டாது. அதனால் குடல் புற்றுக்கு இது இன்னும் ஆராய்ச்சி கட்டத்தில்தான் இருக்கிறது. ஆப்பரேஷன் தாங்காத சிலருக்கு முயற்சி செய்து பார்த்திருக்கிறார்கள். மற்றபடி ஆப்பரேஷன், கீமோ, கரண்ட் சிகிச்சை இவைதான் இன்றைக்கும் வழி.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஊசி போட்டபின் குறைந்தது 30 நாள் தோலில் வெயில் படக்கூடாது. பட்டால் கொப்பளித்து விடும். ஸ்ரீரங்கம் சித்திரை தேரை வாசலில் நின்று பார்ப்பது கூட முடியாது.

மூலம் என்று விட்டு விடாதீங்க!

மலத்தில் ரத்தம் வந்தால் 'மூலச்சூடு' என்று மாசக்கணக்கில் களிம்பு தடவுகிறவர்கள் நிறைய பேர். மூலமாகவே இருக்கலாம். ஆனால் மலம் போகும் பழக்கம் மாறுவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த சோகை, அடிக்கடி வயிற்று வலி இருந்தால் உடனே காட்டணும். வெட்கப்படுவதில் பிரயோஜனம் இல்லை.

ஸ்ரீரங்கம் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் முதலில் காட்டலாம். பெரிய பரிசோதனைக்கு புத்தூர் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்து போங்க.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குடல் புற்று பெரும்பாலும் குணமாகக்கூடியது. லைட் சிகிச்சை வரும் என்று காத்திருக்கிற நேரத்தில் நோய் காத்திருக்காது!