ராஜாவை வெளியே இழுத்த சிசிலியன்

2015 ஜூலை. சீனாவின் ஹைனான் தீவிலுள்ள டான்ஜோ நகரில் சதுரங்கப் போட்டி. வெள்ளைக் காய்களுடன் 16 வயது வெய் யி. எதிரே கியூபாவின் லாசரோ புருசோன், 2000இல் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டத்தை வென்றவர்.

வெய் யி ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். புருசோன் அதற்கு நேர் எதிரே நின்ற சிப்பாயைத் தொடவில்லை. ராணிப் பக்கத்து பிஷப்பின் முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். இதுதான் சிசிலியன் தற்காப்பு.

தற்காப்பு என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். அந்தப் பக்கவாட்டுச் சிப்பாய் பலகையின் நடுக்கட்டத்தைக் குறிவைத்து நிற்கிறது. வெள்ளை தன் ராணிச் சிப்பாயை முன்னே விட்டால், கறுப்பு அதை வெட்டிவிடும். வெள்ளைக்கு நடுவிலிருந்த சிப்பாய் ஒன்று போகிறது. கறுப்புக்குப் போவது பக்கவாட்டில் இருந்த ஒன்றுதான். பதிலுக்கு வெள்ளையின் காய்கள் விரைவாக வெளியே வருகின்றன. பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பாய்வார்கள்: பெரும்பாலும் கறுப்பு ராணிப் பக்கம், வெள்ளை ராஜா பக்கம். சமநிலையில் முடிக்க மனமில்லாத இளைஞர்களுக்கு இது பிடித்துப்போவதில் வியப்பில்லை. முன்னாள் உலகச் சாம்பியன்களான ஃபிஷரும் காஸ்பரோவும் கறுப்பில் இதை நம்பியே ஆடியவர்கள்.

டான்ஜோவிலும் அதுவே நடந்தது. புருசோன் ராணிப் பக்கம் சிப்பாயை முன்னேற்ற, வெய் யி தன் ராணியைக் கறுப்பு ராஜாவின் பக்கம் கொண்டுவந்தார். 22ஆவது நகர்த்தலில் அவருடைய யானை ராஜாவின் அருகிலிருந்த சிப்பாயை வெட்டியது. ராஜா யானையை வெட்டியது. ராணி செக் வைத்ததும் ராஜா முன்னே நடக்க நேர்ந்தது. அடுத்து பிஷப்பையும் பலி கொடுத்தார் வெய் யி. ராஜா அதையும் வெட்டிப் பலகையின் நடுவில் வந்து நின்றது.

அப்போது வெள்ளைக்கு ஒரு யானையும் ஒரு பிஷப்பும் குறைவு. ஆனாலும் வெய் யி அடுத்து செக் வைக்கவில்லை. ராணியைக் கறுப்பு ராஜாவின் முதுகுப் பக்கம் நிறுத்தி, திரும்பும் வழியை அடைத்தார். இந்த ஆட்டத்தின் மிக அழகான நகர்த்தல் இதுதான். கறுப்பின் ராணி, இரண்டு யானைகள், இரண்டு பிஷப்புகள் எல்லாம் பின்னால் நிற்க, ராஜா மட்டும் எதிரியின் பாதியில் தனித்து நின்றது.

36ஆவது நகர்த்தலில் புருசோன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அப்போது அவருடைய ராஜா நின்ற இடம், வெள்ளை ராஜாவிடமிருந்து ஒரு குதிரைப் பாய்ச்சல் தூரம்.