வீடு விற்பதும் குடிபெயர்வதும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் பழமொழி. வீட்டை விற்றுப் பார் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அந்நாளில் வீட்டை விற்பது அரிதாக இருந்திருக்கலாம். அல்லது அதை வாய்விட்டுச் சொல்லக் கூசியிருக்கலாம். இன்றைய நிலை வேறு. பிழைப்பை நாடியும் பிள்ளைகளின் படிப்பை நாடியும் கிராமத்து வீட்டை விற்றுவிட்டு நகரத்துக்கு வரும் குடும்பங்கள் நம் கல்லூரியிலேயே பல உண்டு. 2025ஆம் ஆண்டு எங்கள் குடும்பமும் அவ்வாறு வந்ததுதான். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தாத்தா வாங்கிய மூன்றரை சென்ட் மனையும் அதிலிருந்த ஓட்டு வீடும் 9 இலட்ச ரூபாய்க்கு விற்கப்பட்டன.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே பத்திரங்களைப் படித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. அவ்வேலையில் நான் அறிந்துகொண்டவற்றை, நாளை இதே வேலை வந்து சேரக்கூடிய மாணவ நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

1. விலைக்கு முன் உரிமை

வீடு விற்கப் போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்பது, "என்ன விலை போகும்?" என்பதே. அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வீடு யாருடையது? குடியிருப்பவர்கள் எல்லோரும் உரிமையாளர்களும் அல்லர். உரிமையாளர்கள் எல்லோரும் குடியிருப்பவர்களும் அல்லர்.

எங்கள் வீட்டின் பத்திரம் தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா உயில் எழுதாமல் காலமானார். அவருக்குப் பின் பாட்டியும் காலமானார். இருவருக்கும் மூன்று பிள்ளைகள்: அத்தை, அப்பா, சித்தப்பா. சித்தப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். அத்தை வாழ்க்கைப்பட்ட ஊரில் இருக்கிறார். நாங்கள் மட்டுமே அந்த வீட்டில் குடியிருந்தோம். ஆனால் வீடு மூவருக்கும் உரியது.

இதை நிரூபிக்கத் தாத்தா, பாட்டி இருவரின் இறப்புச் சான்றிதழ்களும், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். இவற்றை வாங்க நாட்கள் ஆகும். எனவே, விற்பது என்று முடிவானவுடன் முதலில் விண்ணப்பிக்க வேண்டியது இதற்குத்தான். வாங்குபவர் வந்து நின்ற பிறகு அலைந்தால், அவசரத்தின் பெயரால் விலை குறையும்.

2. பெண்ணுக்கும் பங்குண்டு

"அக்காவுக்கு அப்பவே சீர் செஞ்சாச்சு. கையெழுத்து மட்டும் வாங்கிக்கலாம்" என்று ஊரில் பெரியவர்கள் சிலர் அப்பாவிடம் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதன்று. அவர்கள் அறிந்த வழக்கம் அது. அப்பா என்னைப் பார்த்து, "சட்டம் என்ன சொல்லுதுன்னு பாரும்மா" என்றார்.

சட்டம் சொல்வது இதுதான். தந்தை தாமே சம்பாதித்து வாங்கிய சொத்து, அவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் பங்காகும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. பெண்ணுக்குச் சொத்துரிமை வந்தது அண்மையில்தான் என்று எண்ணுவோர் பலர். அண்மையில் மாறியது பூர்வீகச் சொத்தைப் பற்றிய விதி. அதில் தமிழ்நாடு 1989இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் திருத்தம் வந்தது.

அந்த 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மற்றொன்றையும் செய்தது. குடும்பத்தார் வாழும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரையில் பெண் வாரிசு பாகப்பிரிவினை கேட்க முடியாது என்று பழைய சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுத்திருந்தது. அப்பிரிவு நீக்கப்பட்டது. பெண்ணுக்கு வீட்டில் பங்குண்டு என்று ஒரு கையால் கொடுத்து, கேட்காதே என்று மறு கையால் தடுத்த நிலை அன்றோடு முடிந்தது.

நான் படித்துச் சொன்னேன். அப்பா சற்று நேரம் பேசவில்லை. அந்தப் பணத்தை நம்பித்தான் நகரத்தில் ஒரு மனை வாங்கலாம் என்று அவர் கணக்கிட்டிருந்தார். மறுநாள் அத்தை வீட்டுக்குச் சென்று, "மூணுல ஒண்ணு உன்னுது அக்கா" என்றார். "எனக்கு எதுக்குடா? நீயே கஷ்டப்படறே" என்றார் அத்தை. அப்பா கேட்கவில்லை. மூன்று இலட்ச ரூபாய் அத்தையின் வங்கிக் கணக்கிலேயே சேர வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் மனை தள்ளிப்போயிற்று. இன்று வாடகை வீட்டில் இருக்கிறோம்.

வாரிசு ஒருவரை விட்டுவிட்டு விற்றால், அவர் பங்கு வாங்குபவருக்குச் சேராது. பிற்பாடு அவரோ அவர் பிள்ளைகளோ வழக்குத் தொடுக்கலாம். ஆகவே முறைப்படி நடப்பது அறம் மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

தாய்ப்பத்திரம்: தாத்தா வாங்கியபோது எழுதிய பத்திரமும், கிடைக்குமாயின் அதற்கு முந்தைய பத்திரங்களும். நகல் போதாது, அசல் வேண்டும்.

பட்டா: வருவாய்த் துறையின் பதிவில் மனை யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டுவது. பட்டா மட்டுமே உரிமைக்கு முழு ஆதாரம் ஆகாது. பத்திரத்தோடு அது ஒத்துப்போக வேண்டும்.

வில்லங்கச் சான்று: குறிப்பிட்ட காலத்தில் அச்சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல். பதிவுத்துறையின் இணையத்தளத்தில் இந்த விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் பதிவாகாதது எதுவும் இதில் வராது. வாய்மொழிப் பிரிவினையும், பதியாத உயிலும், வாரிசுகளின் பெயர்களும் இதில் தெரியா. "வில்லங்கம் இல்லை" என்று சான்று வந்தாலும் வீட்டில் வில்லங்கம் இருக்கக்கூடும்.

இவற்றோடு வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது. விற்பனை நாள் வரையிலான வரியைக் கட்ட வேண்டியவர் விற்பவரே. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் இதைக் கூறுகிறது. வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறை சொத்தில் இருந்தால், அதை விற்பவர் சொல்லிவிட வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. எங்கள் வீட்டின் மேற்குச் சுவர் பக்கத்து வீட்டாருக்கும் பொதுவானது. அதை முன்கூட்டியே சொல்லி, பத்திரத்திலும் எழுதச் செய்தோம்.

4. விலையும் ஒப்பந்தமும்

அரசு ஒவ்வொரு பகுதிக்கும் வழிகாட்டி மதிப்பு ஒன்றை வைத்திருக்கிறது. பத்திரத்தில் எழுதும் விலை, வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதன் மீது முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 9 இலட்சத்துக்குத் தீர்வை ரூ.63,000, கட்டணம் ரூ.18,000, ஆக மொத்தம் ரூ.81,000. வழக்கப்படி இதை வாங்குபவர் செலுத்துகிறார். 2025 ஏப்ரல் 1 முதல், 10 இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. எங்கள் வீட்டை வாங்கியவர் தம் மனைவி பெயரில் வாங்கினார், ரூ.9,000 மிச்சமாயிற்று.

தீர்வையைக் குறைக்க, "பத்திரத்தில் 5 இலட்சம் என்று போடுவோம்; மீதியைக் கையில் தருகிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. இதில் விற்பவருக்கு இலாபம் ஏதுமில்லை. மீதிப் பணம் வராமற்போனால் கேட்க ஆதாரம் இராது. பங்காளிகளுக்குள் கணக்குக் காட்டும்போதும் சந்தேகம் முளைக்கும். அது சட்டத்துக்கும் புறம்பானது.

முன்பணம் வாங்குமுன் கிரய ஒப்பந்தம் எழுத வேண்டும். மொத்த விலை, முன்பணம், மீதியைத் தரவேண்டிய கெடு, கெடு தவறினால் என்ன செய்வது என்பவை அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இவ்வொப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். முன்பணம் வாங்கிய பிறகு, வேறொருவர் கூட விலை தருகிறார் என்று மனம் மாறக் கூடாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி முதலாமவர் நீதிமன்றம் செல்லலாம். அதற்கு அவருக்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு.

பணத்தைக் காசோலையாகவோ வரைவோலையாகவோ வங்கி வழியாகவோதான் வாங்க வேண்டும். 2015 ஜூன் 1 முதல் வீடு, மனை விற்பனையில் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறக் கூடாது. பெற்றால் அதே அளவு தண்டம் விதிக்கப்படலாம்.

"எதற்கு அலைச்சல்? எனக்குப் பவர் எழுதிக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தரகர் ஒருவர் சொன்னார். பவர் பத்திரத்தால் வீடு கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் பவர் பெற்றவர் நம் பெயரால் கையெழுத்திட முடியும். ஆகவே முன்பின் அறியாதவருக்குப் பவர் தருவது வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும்.

5. பத்திரத்தைப் படித்தல்

கிரயப் பத்திரத்தின் மொழி நமக்கு அந்நியமானது. "நாளது தேதி", "மேற்படி சொத்து", "சர்வ சுதந்திர பாத்தியம்" என்றெல்லாம் வரும். இவற்றைக் கண்டு மிரள வேண்டுவதில்லை. நாளது தேதி என்றால் இன்றைய தேதி. பாத்தியம் என்றால் உரிமை. ஆறு விஷயங்களை மட்டும் விரல் வைத்துச் சரிபார்த்தால் போதும்: பெயர்களும் தகப்பனார் பெயர்களும், சர்வே எண், நான்கெல்லை, அளவு, விலை, பணம் பெற்ற விவரம். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் பிழைதிருத்தல் பத்திரம் எழுத மீண்டும் எல்லோரும் வர வேண்டியிருக்கும்.

பதிவுக்கு முன்தினம் பத்திர எழுத்தரிடம் வரைவை வாங்கி வந்து, அத்தைக்கு வரிக்கு வரி படித்துக் காட்டினேன். "எங்க வைக்கச் சொல்றாங்களோ அங்க ரேகை வைக்கிறேன், எனக்கு எதுக்குத் தாயி இதெல்லாம்?" என்றார் முதலில். பாதியில், "கெழக்கால நாலடி வழி இருக்கே, அது எழுதியிருக்குதா?" என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. எழுத்தரிடம் சொல்லிச் சேர்த்தோம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வீட்டைப் பற்றித் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர்.

மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூவரும் விற்பவர்களாகக் கையொப்பமும் ரேகையும் இட்டார்கள். வரைவோலைகள் மூன்றும் மூவர் பெயரிலும் தனித்தனியாக இருந்தன. அவை கைக்கு வந்த பிறகே ரேகை வைக்கப்பட்டது. வரிசை மாறக் கூடாது.

6. குடிபெயர்தல்

ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுவது நம் வழக்கமில்லை. ஆகவே மற்ற மாதங்களின் முகூர்த்த நாட்களில் வண்டி கிடைப்பது கடினம். முன்னரே சொல்லிவைக்க வேண்டும். சிறிய குடும்பத்துக்கு "குட்டி யானை" எனப்படும் சிறு சரக்கு வண்டி இரண்டு நடை போதுமானது.

அம்மி, உரல், பீரோ போன்ற கனமானவற்றை முதலில் ஏற்றிக் கீழே வைக்க வேண்டும். பாத்திரங்களுக்கிடையே பழைய புடவைகளைத் திணித்தால் நசுங்கா. புத்தகங்களைப் பெரிய மூட்டையாகக் கட்டினால் தூக்க முடியாது. சிறு சிறு கட்டுகளாகக் கட்ட வேண்டும். பத்திரங்கள், சான்றிதழ்கள், நகை ஆகியவை வண்டியில் ஏறக் கூடாது. பொறுப்பான ஒருவர் கையிலேயே இருக்க வேண்டும்.

பொருள்கள் போய்ச் சேர்ந்தாலும் முகவரி பழைய ஊரிலேயே இருக்கும். குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, எரிவாயு இணைப்பு ஆகியவற்றில் முகவரியை மாற்ற வேண்டும். வாக்காளர் பட்டியலில் மாற்றப் படிவம் 8. விற்ற வீட்டின் மின் இணைப்பையும் வீட்டு வரியையும் வாங்கியவர் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டாரா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்கள் வங்கியில் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சரிபார்த்துக்கொள்வது நலம்.

வருமான வரியையும் மறக்க வேண்டா. வீடு விற்ற இலாபத்துக்கு வரி உண்டு. ஆயினும் இரண்டாண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்றாண்டுகளுக்குள் கட்டினாலோ, அவ்வாறு செலவிட்ட அளவுக்கு விலக்குப் பெறலாம். இதற்குத் தேதிகள் முக்கியம். ஆகவே ரசீதுகளைச் சேர்த்து வைக்க வேண்டும்.

7. நம் கடமை

நம்மில் பலருடைய பெற்றோர் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்கள். சிலருடைய பெற்றோர் ரேகை வைப்பவர்கள். அவர்கள் வாழ்நாளில் சேர்த்த ஒரே சொத்து பெரும்பாலும் வீடுதான். அது கைமாறும் நாளில், பத்திரத்தைப் படித்துச் சொல்லும் ஒருவர் வீட்டிலேயே இருந்தால், அவர்கள் பிறர் வாயைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. அமிலம் எது, காரம் எது என்று சோதித்தறியக் கற்ற நமக்குச் சர்வே எண்ணைச் சரிபார்ப்பது பெரிய காரியமன்று.

படித்துச் சொல்லும்போது, நம் வீட்டுக்குச் சாதகமான வரியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது. அத்தைக்குரிய வரியையும் அதே குரலில் படிக்க வேண்டும்.