விண்கலமும் பொது நெறியும்

வீடு கட்டுமிடத்துத் தச்சரும் கொத்தரும் ஒரே முழக்கோல் கொண்டு அளத்தல் வேண்டும். இருவர் கோலும் வேறுபடுமாயின், செய்த நிலை சுவரிற் பொருந்தாது. விண்கலத்தை இயக்குவோர்க்கும் இவ்வுண்மை ஒக்கும்.

விண்ணிற் சென்ற கலத்தைக் கையாற் பற்றித் திருப்புதல் இயலாது. எப்பொறியை எந்நொடியில் இயக்குவது, எவ்வேளையிற் செய்தி அனுப்புவது, பழுது நேரின் யாது செய்வது என்பனவற்றை முன்னரே வகுத்து, வானொலி அலைகளின் வாயிலாகக் கட்டளையிடுதல் வேண்டும். அவ்வாறு வகுப்போர் பலர். அவர்கள் இருக்குமிடமும் பல. ஆதலின், அனைவர்க்கும் பொதுவான நெறி ஒன்று இன்றியமையாததாகும்.

அந்நெறியின் பயனை உலகம் 1975-ஆம் ஆண்டிற் கண்டது. அமெரிக்காவின் அப்போலோ கலமும் சோவியத்து நாட்டின் சோயுஸ் கலமும் விண்ணில் இணைதல் வேண்டுமென 1972-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. இடையூறுகளோ பல. அப்போலோவினுள் குறைந்த அழுத்தத்தில் உயிர்வளி மட்டுமே இருந்தது; சோயுஸினுள் நிலவுலகிற் போன்ற காற்று இருந்தது. ஒன்றினின்று மற்றொன்றினுள் நேரே புகுதல் உயிர்க்குத் தீங்காகும். எனவே, அழுத்தத்தைச் சரிசெய்யும் அறையொன்றை இடையில் அமைத்தனர். இணைப்புக் கருவிகளையும் ஒன்றோடொன்று பொருந்துமாறு ஆக்கினர். மொழி வேறுபாட்டிற்கும் வழி கண்டனர். அமெரிக்கர் ருஷிய மொழியிலும், சோவியத்து வீரர் ஆங்கிலத்திலும் பேசினர். இதனாற் கேட்போர் தம் மொழியிலேயே செய்தியைப் பெற்றனர். ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள் கலங்கள் இணைந்தன. தாமஸ் ஸ்டாபோர்டும் அலெக்சி லியோனோவும் கைகுலுக்கி மகிழ்ந்தனர்.

1982-இல் பல நாட்டு விண்வெளி நிறுவனங்கள் கூடிப் பொதுக் குழுவொன்றை நிறுவின. கலங்களுக்கும் நிலையங்களுக்கும் இடையே செல்லும் செய்திகளின் அமைப்பு முறையை அக்குழு வகுத்து வருகின்றது. ஒரு நாட்டின் கலம் அனுப்பும் செய்தியைப் பிறிதொரு நாட்டின் நிலையம் ஏற்றுத் தருதல் இதனால் எளிதாயிற்று.

நெறி பிறழின் நேர்வது யாது? செவ்வாய்க் கோளின் தட்பவெப்பத்தை ஆராய, மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்னும் கலத்தை அமெரிக்கா 1998 டிசம்பரில் ஏவியது. அதன் சிறு பொறிகளின் உந்துதலை ஒரு குழுவினர் பவுண்டு அளவையிற் கணித்து அனுப்பினர். மற்றொரு குழுவினர் அவ்வெண்களை நியூட்டன் அளவை எனக் கொண்டனர். ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். பிழை நாள்தோறும் சிறிது சிறிதாகத் திரண்டது. கணக்கு முரண்படுவதைக் கண்டு ஐயுற்றோரும் இருந்தனர். ஆயினும், அவர்கள் அவ்வையத்தை முறைப்படி எழுதித் தெரிவித்தாரல்லர். 1999 செப்டம்பர் 23-ஆம் நாள், செவ்வாய்க்கு மேல் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவேண்டிய கலம், ஏறத்தாழ 57 கிலோமீட்டர் அளவிற்குத் தாழ்ந்து, அக்கோளின் காற்று மண்டலத்திற் புகுந்து ஒழிந்தது.

அக்கலத்தைச் சமைத்தோர் அறிவிற் குறைந்தவர் அல்லர். உழைப்பிற் சளைத்தவரும் அல்லர். அவர்களிடையே அளவை ஒன்றாகவில்லை. எழுந்த ஐயமும் உரிய இடத்தைச் சேரவில்லை. பலர் கூடிச் செய்யும் வினையில் ஒவ்வொருவர் திறமையும் பயன் தருவது, அனைவரும் ஒரு நெறியில் நிற்கும்பொழுதே ஆகும்.