மிகைபடச் சேர்த்தல்



ஊற்றுப் பேனை சேர்ப்பது செல்வர்களின் பொழுதுபோக்கு என்றோர் எண்ணம் நம்மவரிடையே உண்டு. கண்ணாடிப் பேழைக்குள் தங்க நிப்புகளை அடுக்கி வைப்போரைப் பற்றி அப்படிச் சொல்லலாம். ஆனால் மாதச் சம்பளத்தில் வாழ்பவரும் ஓரளவு அறிவோடு முயன்றால் நல்ல பேனைகளைச் சேர்த்துவிட முடியும். சேர்த்தவற்றைக் குறைப்பதற்கு வேண்டிய மனந்தான் எளிதில் வாய்ப்பதில்லை. இன்றைய உரை இவ்விரண்டையும் பற்றியது.

சென்ற வருடம் ஒரு மாலை, தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்துவதற்காக மேசை லாச்சியைத் திறந்தேன். அதனுள் 31 ஊற்றுப் பேனைகள் கிடந்தன. அவற்றுள் ஒன்பது எழுதவில்லை. அந்த ஒன்பதில் ஒன்று என் தந்தையாருடையது. உடலின் பக்கத்தில் சிறு நெம்பு உள்ள பழைய வகைப் பேனை அது. நெம்பை உயர்த்தினால் உள்ளேயுள்ள இறப்பர்ப் பை அமுங்கும். விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சும். 1908இல் அமெரிக்கரான ஷேஃபர் காப்புரிமை பெற்ற முறை இது. நான் நெம்பை உயர்த்திப் பார்த்தேன், அசையவில்லை. கழுவாமல் விட்ட மையோடு பை இறுகிப் போயிருந்தது. தந்தையார் தம் கந்தோரில் பல வருடங்கள் நாள்தோறும் எழுதிய பேனை. அவர் கையில் இருந்தவரை அது நின்றதில்லை. நான் பத்திரமாக வைத்திருந்த நாலு வருடத்தில் நின்றுவிட்டது.

இது ஏன் நிகழ்கிறது என்பதை விளங்கிக்கொள்ளப் பேனை எழுதும் விதத்தைச் சற்று நோக்க வேண்டும். ஒடுங்கிய இடைவெளியில் திரவம் தானாகவே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது இதனாலேதான். நிப்பின் நடுவிலுள்ள பிளவும், நிப்பின் அடியிற் பொருந்தியிருக்கும் கட்டையிலுள்ள மயிரிழை போன்ற வெட்டுகளும் இவ்விதமே மையைத் தாளுக்குக் கொண்டுவருகின்றன. வெளியேறும் மைக்கு ஈடாகக் காற்று உள்ளே செல்லவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேர ஒழுங்குபடுத்தும் கட்டைக்கு லூயிஸ் வாட்டர்மன் 1884இல் காப்புரிமை பெற்றார். மையிலுள்ள நீர் ஆவியாகிச் சாயம் படியும்போது முதலில் அடைபடுவன அந்த நுண்ணிய வெட்டுகளே. ஆகவே மை நிரப்பியபடி கிடக்கும் பேனை ஓய்வெடுப்பதாக எண்ணலாகாது. அது மெல்ல மெல்லப் பழுதாகிக்கொண்டிருக்கிறது. ஒருவர் கை எத்தனை பேனைகளுக்கு நாள்தோறும் வேலை கொடுக்க முடியுமோ, அத்தனை பேனைகளே அவருக்கு உயிரோடிருக்கும்.

இனி, குறைந்த செலவிற் சேர்க்கும் வழி. முதலில் தங்கத்தின் மயக்கத்தை விட வேண்டும். தங்க நிப்பிலும் தாளைத் தொடும் முனை தங்கத்தால் ஆனதன்று. தங்கம் மென்மையானது, தாளில் உரசித் தேய்ந்துவிடும். ஆதலால் இரிடியம், ஒஸ்மியம் போன்ற கடின உலோகங்களின் கலவையாலான சிறு மணியொன்று முனையில் இணைக்கப்படுகிறது. நல்ல உருக்கு நிப்புகளிலும் இத்தகைய கடின முனையே உண்டு. தங்கத்துக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்திற் கிடைப்பது, பெரும்பாலும், சிறிது நெகிழ்வும் மை அரிக்காத தன்மையுமே.

இரண்டாவது, புகழ்பெற்ற ஒரு வடிவத்தை விரும்பினால் அதன் எளிய உறவினரைத் தேடலாம். 1941இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51, நிப்பை ஏறக்குறைய முழுவதும் மூடிய கூட்டினால் பெயர்பெற்றது. நிப்பில் காற்றுப் படுவது குறைவதால் மை விரைவிற் காயாது. சீனாவின் ஹீரோ 616 அதே தோற்றத்தில், அதன் விலையில் மிகச் சிறு பங்கிற்குக் கிடைப்பது. இந்தியாவில், சுதேசி இயக்கத்தின் உந்துதலால் 1930களில் ராஜமுந்திரியில் ரத்னம் பேனைகள் உருவாயின. கையாற் கடைந்த எபனைற் பேனைகளுக்கு இன்றும் அவ்வூர் பெயர்பெற்றது. எபனைற் என்பது இறப்பருடன் மிகுதியாகக் கந்தகம் சேர்த்து இறுகச் செய்த பொருள். இத்தகைய பேனைகள் பலவற்றின் உடற்குழியில் நேரே மையைச் சொட்டு விட்டு நிரப்பலாம். பழுதாவதற்குப் பையோ குழாயோ இல்லை.

மூன்றாவது, பழைய பேனை வாங்கும்போது பளபளப்பைப் பாராது மூன்று இடங்களைப் பாருங்கள்: நிப்பின் இரு பாதிகளும் சமமாக நிற்கின்றனவா, மூடியின் விளிம்பில் வெடிப்பு உண்டா, பை அல்லது உறிஞ்சும் குழாய் இயங்குகிறதா. மையையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். சாதாரண உறிஞ்சு குழாய் ஒரு தடவைக்கு ஒரு மில்லிலீற்றருக்கும் குறைவான மையையே கொள்ளும். 30 மில்லிலீற்றர் போத்தலொன்றால் 30 தடவைக்கு மேல் நிரப்பலாம். ஐந்தாறு நிற மைகளை வாங்கி நிரப்பிப் போத்தல்களைக் காயவிடுவதும் வீண்செலவே. சித்திரம் வரையும் இந்திய மையை மட்டும் ஊற்றுப் பேனையில் விடவே கூடாது. அதிலுள்ள பிசின் காய்ந்தால் கழுவ முடியாது.

குறைத்தலுக்கு வருவோம். இதற்குரிய இலக்கணத்தை நான் தேடி எங்கும் போகவில்லை. வகுப்பிற் கற்பிக்கும் நன்னூலிலேயே இருந்தது. நூலொன்றில் வரக்கூடாத குற்றங்கள் பத்தினைப் பவணந்தி முனிவர் பாயிரத்தில் வகுத்துள்ளார். அவற்றுட் சில என் லாச்சிக்கும் பொருந்தின.

மிகைபடக் கூறல் ஒரு குற்றம். ஒரு தவணை முழுவதும் கையில் எடுக்காத பேனை எனக்கு மிகை என்று கொண்டேன். கூறியது கூறல் மற்றொரு குற்றம். ஒரே பருமனில் எழுதி, ஒரே முறையில் மை நிரம்பி, நிறத்தால் மட்டும் வேறுபட்ட நாலு பேனைகள் என்னிடம் இருந்தன. நாலிலும் ஒரே வசனத்தை எழுதி, தயங்காது எழுதியதை வைத்துக்கொண்டேன். பத்தின் இறுதியில் வருவது நின்று பயன் இன்மை. திருத்துவோம் என்று வருடக்கணக்காக வைத்திருப்பவை, விலையேறும் என்று காத்திருப்பவை யாவும் இதன்பாற்படும். ஆயின் அதே பட்டியலின் முதற் குற்றம் குன்றக் கூறல் என்பதையும் மறத்தலாகாது. சலிப்போடு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் பிறகு வருந்த நேரிடும். அதனால் விலக்கியவற்றை ஒரு மாதம் வேறு பெட்டியில் வைத்துப் பார்த்தேன். திரும்ப எடுக்க வேண்டும் என்று தோன்றியவை இரண்டுதான்.

எழுதாத ஒன்பதினை ஓர் இரவு குளிர்ந்த நீரில் ஊறவிட்டுக் கழுவியதில் ஆறு மீண்டும் எழுதின. சுடுநீரும் மதுசாரமும் ஆகா. பேனையின் உடல் கெட்டுவிடும். முடிவில் 19 பேனைகள் உயர்தர வகுப்பு மாணவரிடம் சென்றன. கொடுக்கும்போது, கழுவும் முறையையும் சொல்லிக் கொடுத்தேன். சொல்லாமற் கொடுத்தால் என் லாச்சியின் கதை அவர்கள் வீட்டில் தொடரும். இரண்டு, உதிரிப் பாகங்களுக்காக ஒதுக்கப்பட்டன. நான்கை விற்றேன்.

மிஞ்சியவை ஆறு. அவற்றுள் ஒன்று தந்தையாருடையது. மேற்சொன்ன விதிப்படி அதுவே முதலில் விலக்கப்பட வேண்டியது. வருடக்கணக்காக நின்று பயனற்றுக் கிடந்ததல்லவா? விலக்க மனம் வரவில்லை. ஆனால் உறவைக் காட்டி அதற்கு விலக்கு அளிப்பதும் நேர்மையாகப் படவில்லை. நான்கு பேனைகளை விற்ற பணத்தில் பழைய பையை அகற்றி, புதிய பையை அரக்கு வைத்து ஒட்டுவித்தேன். இனி எழுதினால்தான் இடம் என்று தீர்மானித்தேன்.

அது இப்போது எழுதுகிறது. ஒரேயொரு சிக்கல் உண்டு. பல வருடம் ஒருவர் எழுதிய நிப்பு அவர் பிடிக்கும் சாய்வுக்கேற்பத் தேய்ந்திருக்கும். என் பிடியில் அது தாளைக் கீறுகிறது. அவர் பிடித்ததுபோல் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் வழுக்கிச் செல்கிறது. அந்தச் சாய்வை இப்போது பழகி வருகிறேன். இந்த உரையையும் அதனாலேயே எழுதினேன்.